அடக்கச் செலவு

நான் டீசல் மெக்கானிக். ஈரி நகரத்தில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு லாரிக் கம்பெனியின் ஷெட்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். இரவு ஷிஃப்டுக்கு சூப்பர்வைசர் இடம் காலியானபோதெல்லாம் விண்ணப்பம் போட்டேன். மூன்று முறையும் அது நான் தொழில் கற்றுக்கொடுத்த ஆண்களுக்கே போனது. மூன்றாவது முறை மேனேஜரிடம் நேராகவே காரணம் கேட்டேன். "ஒரு பொம்பள பேச்சக் கேட்டு ஆம்பளைங்க வேல செய்ய மாட்டாங்க டோரின். உனக்கே தெரியும்," என்றார். ஏதோ எனக்கு நல்லது சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். கையிலிருந்த ஸ்பேனரை அவர் மேசைமேல் போடாமல் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

வழக்கு நான்கு வருடம் நடந்தது. கடைசியில் ஜூரி என் பக்கம் சொன்னது. நான் பெண் என்பதால்தான் அந்த வேலை எனக்கு மறுக்கப்பட்டது என்று எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டார்கள். வந்திருக்க வேண்டிய சம்பளத்துக்கும் வந்த சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று பதினாலாயிரம் டாலர் போட்டார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் ஜூரித் தலைவி எழுந்து நின்று, "ஆமா, செஞ்சாங்க," என்று சொன்னாளே, அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து, அன்று மாலை ரேயும் நானும் மீன் வறுவல் சாப்பிடப் போனோம். ரே என் கணவன். சண்டையின் கேவலமான பகுதி இனிமேல்தான் வரப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

என் வக்கீல் யூனிஸ் டில்லர்ட். அறுபத்திரண்டு வயதுக் கறுப்பினப் பெண்மணி. ஒரு சாவிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அலுவலகம். குமாஸ்தா கிடையாது. போனை அவரே எடுப்பார், காபியையும் அவரே போடுவார், அந்தக் காபியை மனுஷர் குடிக்க முடியாது. நான்கு வருடத்தில் என்னிடம் ஒரு சென்ட்கூட வாங்கவில்லை. சாட்சிகளின் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்ய, சம்பளக் கணக்குக்கு ஒரு நிபுணரை வைக்க, எல்லாவற்றுக்கும் தன் கைக்காசைப் போட்டார். கைக்காசு தீர்ந்ததும் வீட்டை அடமானம் வைத்தார். அவர் சொல்லி எனக்குத் தெரியாது. அந்த வங்கியில் என் தங்கை வேலை பார்க்கிறாள், அவள் சொல்லக் கூடாதுதான், சொல்லிவிட்டாள். ஊர் சின்னது.

இந்த மாதிரி வழக்கில் தொழிலாளி ஜெயித்தால், அவளுடைய வக்கீலின் கூலியையும் செலவையும் தோற்ற கம்பெனி கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பதினாலாயிரம் டாலர் வழக்குக்கு எந்த வக்கீல் நான்கு வருடம் உழைப்பார். ஆனால் எவ்வளவு என்பதை நீதிபதிதான் முடிவு செய்வார். அதற்காக வக்கீல்கள் ஒவ்வொரு ஆறு நிமிடத்துக்கும் என்ன செய்தோம் என்று எழுதி வைப்பார்கள். நாங்கள் ஷெட்டில் கழிப்பறைக்குப் போனதையெல்லாம் எழுதுவதில்லை. வக்கீல்கள் கிட்டத்தட்ட எழுதுகிறார்கள்.

யூனிஸ் எழுதி வைத்திருந்ததன் மதிப்பு, செலவையும் சேர்த்து, இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டியது. அது வந்தால் அவர் வீடு பிழைக்கும், அலுவலகமும் பிழைக்கும். வராவிட்டால் இரண்டும் போகும். விஷயம் அவ்வளவுதான்.

மே மாதத்தில் ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கம்பெனிக்காரங்க ஒரு சமரசப் பேச்சு அனுப்பியிருக்காங்க," என்றார். "அத உன்கிட்ட சொல்லியே ஆகணும். என் தொழில் விதி அது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத டோரின்."

"நான் எப்ப வக்கீலம்மா குறுக்க பேசியிருக்கேன்?"

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. "பதினாலாயிரத்துக்குப் பதிலா உனக்கு எழுபத்தஞ்சாயிரம் தர்றாங்க. மேல்முறையீடு போக மாட்டாங்க. பத்து நாள்ல செக் உன் கைக்கு வந்துடும்."

"பதிலுக்கு என்ன கேக்கறானுங்க?"

"கூலி, செலவு எதுவும் நாம கேக்கக் கூடாது. அந்த மனுவ வாபஸ் வாங்கிடணும்."

"அப்ப உங்களுக்கு?"

"அந்தக் கேள்விய நீ கேக்க வேண்டியதில்ல. நான் உன் வக்கீல். உனக்கு எது நல்லதோ அதத்தான் நான் சொல்லணும். வெறும் பணத்த வச்சுப் பாத்தா, இது உனக்கு நல்ல பேச்சு. ஜூரி குடுத்ததவிட அஞ்சு மடங்கு." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், அவ்வளவுதான்.

எனக்குக் காது வரை சுட்டது. மேனேஜர் சொன்னதுகூட ஒரு முட்டாளின் பேச்சு, போகட்டும் என்று விட்டுவிடலாம். இது படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. யூனிஸுக்குச் சேர வேண்டிய இரண்டரை லட்சத்தில் கொஞ்சத்தைக் கிள்ளி என் தட்டில் போட்டுவிட்டு, மீதியைத் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அடுத்த வருடம் ஷெட்டிலிருந்து இன்னொருத்தி அழுதுகொண்டு அந்தச் சாவிக் கடை மாடிப்படி ஏறி வந்தால், அங்கே கதவு பூட்டியிருக்கும். அதைப் பூட்டியவளும் நான்தான் என்று ஆகியிருக்கும்.

"இப்படிக் கேக்கறதுக்கு சட்டத்துல எடம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"வெக்கமா இல்ல அந்த சட்டத்துக்கு?"

"டோரின், கோவத்துல பதில் சொல்லாத. வீட்டுக்குப் போ. ரேகிட்ட பேசு."

ரேயிடம் பேசினேன். அவன் நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன், மே மாதத்தில் சாலைக் குழிகளை அடைக்கிறவன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அண்ணாந்து எங்கள் சமையலறைக் கூரையைப் பார்த்தான். அது இரண்டு வருடமாக ஒழுகுகிறது. கீழே ஒரு வாளி நிரந்தரக் குடியிருப்பு.

"எழுபத்தஞ்சாயிரம்," என்றான் மெதுவாக. "கூரைய மாத்திடலாம். உன் முட்டிக்கு ஆபரேஷன் பண்ணிடலாம். மிச்சமும் இருக்கும்."

"யூனிஸ் வீடு போயிடும்."

"அவங்க வக்கீல் டோரின். வக்கீலுங்க எப்படியும் பொழச்சுக்குவாங்க."

"அவங்க போட்டிருக்கற ஷூவ நீ பாத்திருக்கியா?"

ரே பார்த்திருக்கிறான். விசாரணை நடந்த அந்த வாரம் முழுவதும் அந்த ஒரே ஷூ, குதிகாலில் பசை போட்டு ஒட்டியது. அவன் எழுந்து வாளித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தான்.

"சரி. அப்ப இன்னொரு வாளி வாங்கிடுவோம்," என்றான். "அந்தப் பக்கமும் சொட்ட ஆரம்பிச்சிடுச்சு."

ரேயை நான் எதற்காகக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று முப்பது வருடத்தில் பல தடவை மறந்திருக்கிறேன். அன்று ஞாபகம் வந்தது.

மறுநாள் யூனிஸைக் கூப்பிட்டு, "அவனுங்க பணத்த அவனுங்களே வச்சுக்கச் சொல்லுங்க," என்றேன். "இத நீ யோசிச்சுத்தான் சொல்றியான்னு நான் ரெண்டு தடவ கேக்கணும்," என்றார். இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவை நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு கம்பெனியின் வக்கீல் தன் ஆட்சேபணையைத் தாக்கல் செய்தார். பெயர் ஹால்வர்சன். பிட்ஸ்பர்க்கில் ஒரு முழுக் கட்டிடத்தையே வைத்திருக்கிற பெரிய அலுவலகத்திலிருந்து வருகிறவர். நரைத்த தலையை ஒரு மயிர்கூடக் கலையாமல் வாரியிருப்பார். ஒவ்வொரு தடவை வரும்போதும் இரண்டு இளம் வக்கீல்களைக் கூட்டி வருவார், ஒருவர் பேப்பர் எடுத்துக்கொடுக்க, ஒருவர் சும்மா உட்கார. நான்கு வருடம் வழக்கை இழுத்தவர்கள் இவர்கள்தான். கேட்ட காகிதத்தைத் தர மாட்டேன் என்று மனு, தேதி மாற்ற மனு, வழக்கையே தள்ளச் சொல்லி இரண்டு தடவை மனு. ஒவ்வொன்றுக்கும் யூனிஸ் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பதில் எழுதினார். இப்போது அதே ஆள், இவ்வளவு சின்ன வழக்குக்கு இந்தம்மா இவ்வளவு நேரமா எடுத்துக்கொள்வது என்று கேட்கிறார். கூரையில் தீ வைத்தவன், நெருப்பணைக்க இத்தனை வாளியா என்று கேட்கிற மாதிரி. அவர் அலுவலகத்துக்குக் கம்பெனி மாதாமாதம் கேள்வி கேட்காமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நிமிடங்களை எண்ண யாரும் இல்லை.

ஆட்சேபணையோடு, வெட்ட வேண்டியவை என்று ஒரு நீளமான அட்டவணையும் இருந்தது. யூனிஸின் மேசையில் உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் பக்கத்தில் என் கண் நின்றது. "கட்சிக்காரருடன் தொலைபேசி, தாயாரின் அடக்கம் குறித்து, பதினெட்டு நிமிடம்." பக்கத்தில் ஹால்வர்சனின் குறிப்பு: ஆறுதல் சொல்வது சட்டப் பணி ஆகாது.

என் அம்மா மூன்று வருடங்களுக்கு முன்னால், பிப்ரவரியில் இறந்தாள். அந்த வியாழக்கிழமை காலையில் என்னை ஹால்வர்சனின் ஆட்கள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு வாக்குமூலம் வாங்குவதாக இருந்தது. பாதிரியாருக்கும் கல்லறைக்கும் தோதான நாளும் அதே வியாழன்தான். யூனிஸுக்குப் போன் செய்தேன். அவர் ஹால்வர்சனிடம் பேசிவிட்டு என்னைத் திரும்பக் கூப்பிட்டார். "தேதி மாத்தியாச்சு. நீ எதையும் நினைக்காம உன் அம்மாவ அடக்கம் பண்ணு," என்றார். அப்புறம் நான் அழுதேன், அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் அந்தப் பதினெட்டு நிமிடம். அடுத்த திங்கட்கிழமை போய் வாக்குமூலம் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

"இத நான் வாபஸ் வாங்கிடறேன்," என்றார் யூனிஸ். "நூறு டாலர் சமாச்சாரம். இதுக்காக வாதாட வேணாம்."

"எதுக்கு வாங்கணும்? தேதி மாத்தின விஷயம் பேசினோம். அது வேலதான?"

"விடு டோரின்."

"விட மாட்டேன். வேற எத வேணா வெட்டுங்க. இது நிக்கணும்."

அவர் அட்டவணையை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் கூலி மனுமீது விசாரணை. நீதிபதி டெலூக்கா எழுபது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஹால்வர்சன் ஒரு மணி நேரம் பேசினார். இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் தேவையில்லை, அந்தக் கடிதத்துக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, ஜெயித்தது வெறும் பதினாலாயிரம், ஆகவே கூலியையும் அதற்குத் தகுந்தபடி குறைக்க வேண்டும் என்றார். நீதிபதி குறிப்பெடுத்தார். யூனிஸ் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் வீடு அந்த அறையில் துண்டு துண்டாக வெட்டுப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையையும் முட்டியையும் விட்டுக்கொடுத்தது இதற்குத்தானா என்று தோன்றியது. சொன்னால் என்ன, பயமாகவே இருந்தது.

அப்போதுதான் ஹால்வர்சன் சிரித்துக்கொண்டு அதை எடுத்தார்.

"இதையும் பாருங்க யுவர் ஆனர். கட்சிக்காரரோட அம்மா அடக்கத்தப் பத்திப் பதினெட்டு நிமிஷம். எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா அந்த வருத்தத்துக்கு மணிக்கு முன்னூத்தம்பது டாலர் எங்க கட்சிக்காரர் குடுக்கணுமா?"

பின்னாலிருந்த இளம் வக்கீல்களில் ஒருவன் களுக்கென்றான்.

"அத வாபஸ் வாங்கிக்கறேன் யுவர் ஆனர்," என்று யூனிஸ் எழுந்தார்.

"வாங்க மாட்டாங்க," என்றேன் நான். எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"டோரின், உக்காரு," என்று யூனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உக்காருங்கம்மா," என்றார். பிறகு ஏதோ யோசித்துவிட்டு, "இல்ல, இங்க வாங்க. சொல்ல வேண்டியது இருந்தா சத்தியம் பண்ணிட்டுச் சொல்லுங்க," என்றார்.

கூண்டில் ஏறி, கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன். அது ஆறுதல் பேச்சு மட்டும் இல்லை, அன்றைக்கு எனக்கு வாக்குமூலம் இருந்தது, என் வக்கீல் இந்த ஹால்வர்சனிடம் கேட்டு, இவர் சரியென்று தேதியை மாற்றிக் கொடுத்தார், அதைச் சொல்லத்தான் அவர் என்னைத் திரும்பக் கூப்பிட்டார் என்றேன்.

ஹால்வர்சன் துள்ளி எழுந்தார். நல்ல மீன் மாட்டிவிட்டது என்கிற முகம். "அது தப்பு யுவர் ஆனர். நாங்க தேதிய மாத்தவே இல்ல. நாங்க பிட்ஸ்பர்க்லேருந்து முந்தின நாளே வந்து தங்கி, சுருக்கெழுத்தர், வீடியோ ஆளு எல்லாரோடயும் காத்திருந்தோம். இவங்க வரல. வராததுக்கு எங்களோட செலவ மிஸ் டில்லர்ட் கட்டினாங்க. ஆயிரத்து எண்ணூத்தி அறுபது டாலர். எல்லாம் பதிவுல இருக்கு."

எனக்கு அவர் சொன்னது முதலில் விளங்கவில்லை. யூனிஸைப் பார்த்தேன். யூனிஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ் டில்லர்ட், தேதி மாத்த இவர் ஒத்துக்கிட்டாரா, இல்லையா?"

"ஒத்துக்கிட்டார் யுவர் ஆனர். போன்ல. 'ரொம்ப வருத்தம், அடுத்த வாரம் வச்சுக்கலாம்'னு சொன்னார்."

"எழுத்துல வாங்கலையா?"

"வாங்கல."

"முப்பது வருஷமா வக்கீலா இருக்கீங்க. ஏன் வாங்கல?"

"சாவு விஷயம் யுவர் ஆனர். எழுதிக் குடுங்கன்னு கேக்க எனக்கு நாக்கு வரல."

வக்கீல்கள் உலகத்தில், நாளை மழை வரும் என்று ஒருவர் சொன்னால்கூட அதை உறுதிசெய்து ஒரு மெயில் அனுப்பச் சொல்வார்கள். அப்படி ஒரு மெயில் இல்லாவிட்டால் சொன்னது சொல்லாதது ஆகிவிடும். இது யூனிஸுக்குத் தெரியாதா. தெரிந்தேதான் ஒரு மனுஷியாக இருந்துவிட்டார். அதற்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபது டாலர் அபராதம்.

நீதிபதி மறுபக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஹால்வர்சன், அப்படிச் சொன்னீங்களா?"

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல யுவர் ஆனர். எங்க கட்சிக்காரர் அதுக்குச் சம்மதிக்கல, அது மட்டும் தெரியும். மூணு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷத்துல இந்தம்மா ஆறு ஆறு நிமிஷமா எழுதினத வரி விடாம ஞாபகம் வச்சிருக்கீங்க. இது மட்டும் ஞாபகம் இல்ல."

ஹால்வர்சன் தன் காகிதங்களைப் புரட்டினார்.

"அந்தம்மா அம்மாவ மண்ணுல வச்ச அன்னைக்குத்தான அந்தப் பணத்துக்கு செக் எழுதி வாங்கினீங்க?"

"தேதி அதுதான் யுவர் ஆனர்."

"உக்காருங்க," என்றார் நீதிபதி. களுக்கென்ற பையன் குனிந்து ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தக் கூண்டிலிருந்து இறங்கி ஹால்வர்சனின் வாரிய தலையைக் கலைத்துவிட்டு வர வேண்டும்போல் இருந்தது. அதைச் செய்யாமல் இறங்கி நேராக என் இடத்துக்குப் போனேன்.

வெளியே வராந்தாவில் யூனிஸைச் சுவரோரம் நிறுத்திவிட்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அன்னைக்குக் காலையில அவங்க ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க, உங்க சாட்சி எங்கன்னு. அவங்க காத்திருந்த எடத்துக்கு நான் பனியில வண்டிய ஓட்டிட்டுப் போய் நின்னேன். வரலன்னு கோர்ட்ல மனு போடுவோம், வழக்கையே தள்ளச் சொல்லுவோம்னாங்க. நீ அப்ப சர்ச்சுல இருந்த. உன்ன எப்படிக் கூப்பிடறது? செக் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"அதுக்கப்புறம் மூணு வருஷம் வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"உன் அம்மாவ நினைக்கும்போதெல்லாம் உனக்கு அந்த ஆளு மூஞ்சியும் ஞாபகம் வரணுமா?"

"நான் எத நினைக்கணும்கிறத நான் முடிவு பண்ணிக்குவேன். அந்த மேனேஜர்தான் எனக்கு எது நல்லதுன்னு அவராவே முடிவு பண்ணாரு. நீங்களுமா?"

சொன்னபிறகு சுருக்கென்றது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி தேடிவிட்டு, "நீ சொல்றது சரிதான்," என்றார்.

"கணக்குல ஏன் சேக்கல அத?"

"சேக்க முடியாது. அது நானா ஒத்துக்கிட்டுக் கட்டினது. என் தப்புக்கு நான் கட்டினது."

"உங்க தப்பா அது," என்றேன். காருக்குப் போனபிறகுதான் அழுதேன்.

செப்டம்பரில் உத்தரவு வந்தது. எங்களால் நிரூபிக்க முடியாமல்போன ஒரு சின்னக் குற்றச்சாட்டுக்காக நீதிபதி கொஞ்சம் குறைத்திருந்தார். மற்றபடி கூலியும் செலவும் யூனிஸ் கேட்டபடியே வந்தன. வழக்கைப் பெரிதாக்கியவர்கள் அதன் அளவைப் பற்றிக் குறைசொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குத் தனியாக ஒரு பத்தி. அது முழுமையாக அனுமதிக்கப்படுகிறது, ஹால்வர்சனின் அந்த ஆட்சேபணைக்குப் பதில் சொல்ல யூனிஸுக்கு ஆன நேரத்தின் கூலியையும் கம்பெனியே கட்ட வேண்டும் என்றிருந்தது. ஆயிரத்து எண்ணூற்று அறுபதைப் பற்றி ஒரே வரி. ஒப்புக்கொண்டு கட்டிய பணம், மனுவிலும் கேட்கப்படவில்லை, நீதிமன்றத்தால் தர முடியாது.

கம்பெனி மேல்முறையீடு போகும் என்று பார்த்தோம். போகவில்லை. போனால் அந்தப் பத்தியை இன்னும் மூன்று நீதிபதிகள் படிப்பார்கள். அக்டோபரில் பணம் வந்தது. யூனிஸ் வீட்டை மீட்டார். எனக்கும் என் பதினாலாயிரத்துக்கு செக் வந்தது.

அதை வங்கியில் போட்டு, ஆயிரத்து எண்ணூற்று அறுபதை நோட்டாக எடுத்துக்கொண்டு சாவிக் கடை மாடிப்படி ஏறினேன். முட்டி ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டியது. யூனிஸ் புது ஷூ போட்டிருந்தார். பணத்தை மேசைமேல் வைத்தேன்.

பார்த்ததுமே புரிந்துகொண்டார். "எடுத்துட்டுப் போ டோரின். உன் கூர ஒழுகுது."

"கூர ஒழுகட்டும்."

"இது நீ எனக்குத் தர வேண்டியது இல்ல. சட்டப்படி..."

"சட்டத்த நான் கேக்கல வக்கீலம்மா. என் அம்மாவ அடக்கம் பண்ணினது நான். பாதிரியாருக்கு நான் குடுத்தேன். பூவுக்குக் குடுத்தேன். மண்ணு உறைஞ்சு கெடக்குன்னு குழி வெட்டறவர் மேல நூறு கேட்டார், அதயும் குடுத்தேன். என் அம்மா மண்ணுக்குள்ள போறதுக்கு இன்னொருத்தங்க காசு குடுத்தாங்கன்னு இருக்கக் கூடாது. கோர்ட்டால அவன்கிட்டேருந்து வாங்கித் தர முடியல. அப்ப அது என் செலவு."

யூனிஸ் பணத்தை எண்ணாமல் எடுத்து இழுப்பறையில் வைத்தார்.

"ரசீது குடுங்க," என்றேன். "இனிமே நமக்குள்ள எல்லாம் எழுத்துலதான்."

அப்போதுதான் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். "எதுக்குன்னு எழுதட்டும்?"

"அடக்கச் செலவுன்னு எழுதுங்க."

எழுதிக் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் மற்ற ரசீதுகளோடு சேர்த்து வைத்தேன். பாதிரியாருடையது, பூக்கடையுடையது, குழி வெட்டியவருடையது, கடைசியில் பிட்ஸ்பர்க் வக்கீலுக்குப் போனது. எல்லாவற்றிலும் பெரிய தொகை அவருடையதுதான். குழி வெட்டியவராவது வாங்கிய காசுக்கு வெட்டினார்.